பாலைவனத்து வெள்ளை மான்

உம்ராவை நிறைவேற்றித் திரும்பும் வழியில் துபாயில் தங்கிய இரண்டு தினங்களில் ஒன்றை, அல் ஐன் நகரின் மிருகக்காட்சிசாலைக்கென்று நானும் ஈப்போ நண்பர்கள் மூவரும் ஒதுக்கினோம். மற்றவர்கள் கடைவீதிக்குப் போய்விட்டார்கள், வியாபாரிகள் அல்லவா! மோட்டாரில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பிரயாணம். 'ஐன்' என்ற அரபுச் சொல்லுக்குக் கண் என்றும் ஊற்று என்றும் பொருளுண்டு. ஜபல் ஹஃபீத் மலையடிவாரத்தில் 1968-ஆம் ஆண்டில் ஷெய்கு ஸாயித் அவர்கள் இச்சாலையை நிறுவினார்கள்.

நம் தைப்பிங் மிருகக்காட்சிசாலையில் மழையும் மரநிழலும் தாராளம். அங்கோ தண்ணீரே விலையுயர்ந்த சரக்கு. ஆகையால் பாலைவனப் பிராணிகள் அதைச் சிக்கனமாகச் செலவழிக்கின்றன. ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இருப்பதாக நம்மில் பலர் இன்னும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அது சரியன்று, இருப்பது கொழுப்பு. பகலில் உடல் உஷ்ணத்தை ஏறவிட்டு இரவின் குளிரில் இறக்கிக்கொள்வதால், வியர்வையாகப் போகவேண்டிய நீர் அதற்கு மிச்சமாகிறது. மணற்பூனைக்கு உள்ளங்காலிலும் ரோமம் உண்டு. கொதிக்கும் மணலில் நடக்க அல்லாஹ் கொடுத்த செருப்பு.

நான் முக்கியமாக எழுத விரும்புவது ஓரிக்ஸ் என்னும் வெள்ளை மானைப் பற்றியே. அரபிகள் இதனை 'மஹா' என்பர். அழகிய கண்களுக்கு அவர்களுடைய கவிஞர்கள் உவமை சொல்வது இதன் கண்களைத்தான். வெண்மையான ரோமம் வெயிலைத் திருப்பிவிடுகிறது. குடிக்க நீர் இல்லாவிட்டாலும், செடிகளிலும் பனித்துளியிலும் உள்ள ஈரத்தைக்கொண்டே நெடுநாள் உயிர்வாழும்.

இத்தனை சாமர்த்தியமுள்ள பிராணி 1972-இல் வனவாழ்விலிருந்து அடியோடு மறைந்தது. வெயில் அதைக் கொல்லவில்லை. மோட்டாரும் துப்பாக்கியும் கொன்றன. ஒட்டகத்தின்மேல் ஏறி வேட்டையாடிய காலத்தில் மானுக்குத் தப்பி ஓட வழி இருந்தது. நல்லவேளையாக, 1962-இல் ஏடன் பிரதேசத்தில் சில மான்களைப் பிடித்து, பின்னர் அமெரிக்காவின் அரிஸோனா பாலைவனத்திலுள்ள பீனிக்ஸ் நகருக்கு அனுப்பினார்கள். லண்டன், குவைத், ஸவூதி கொடுத்தவற்றையும் சேர்த்து மொத்தம் 9. ஷெய்கு ஸாயித் அவர்களும் அல் ஐனில் சிலவற்றைக் காத்து வளர்த்தார்கள். பீனிக்ஸின் அந்தச் சொற்ப முதல் பெருகி, 1982-இல் ஓமானின் ஜித்தத் அல் ஹராஸிஸ் சமவெளியில் மான்கள் மீண்டும் விடப்பட்டன. 1996-இல் ஏறக்குறைய 450 ஆயின.

இனி வருவதே வியாபாரிகளாகிய நாம் கவனிக்கவேண்டிய பகுதி. உயிருள்ள மானுக்குப் பெரும் விலை கொடுக்கத் தனவந்தர்கள் இருந்தார்கள். ஆகவே திருடிப் பிடித்து விற்கவும் ஆட்கள் வந்தார்கள். 2007-இல் எஞ்சியவை 65. ஓமான் அரசாங்கமும் சரணாலயத்தின் பரப்பில் பத்தில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டது. யுனெஸ்கோ அவ்வாண்டே தன் உலக மரபுப் பட்டியலிலிருந்து அதை நீக்கியது. ஓர் இடம் அப்படி நீக்கப்பட்டது அதுவே முதல் தடவை. மற்ற தேசங்களில் மந்தைகள் இருந்தமையால் இனம் பிழைத்தது.

நம் நாட்டில் கடைசிக் காண்டாமிருகம் 2019-இல் ஸபாவில் இறந்தது. புலிகளோ 150-க்கும் குறைவு என்று கணக்கு. நம் பேராக்கின் பெலும் காட்டில் கம்பிக் கண்ணி வைப்பவனைத் திட்டுகிறோம். அவன் யாருக்காக வைக்கிறான்? புலிநகமும் புலிப்பல்லும் கேட்டு என் கடைக்கே இருவர் வந்ததுண்டு. 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம் என்றேன். ஒருவர் பேசாமல் போய்விட்டார். மற்றவர், "ஆர்டர் எடுத்து வையுங்கள் பாய்" என்று முன்பணத்தை மேஜைமேல் வைத்தார். எடுத்து அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினேன்.