நம்ம ரோட்டுக்கு எந்த சைக்கிள்?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



காலை எட்டரை மணிக்கு நம் சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அப்பா காலத்து 28 இஞ்ச் கருப்பு வண்டி வரும். பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள் வரும். கொழுத்த பட்டன் டயரும் ஸ்பிரிங்கும் வைத்த எம்.டி.பி. 'டக் டக்' என்று கியர் மாற்றிக்கொண்டு வரும். ஹைப்ரிட் என்கிற ஒல்லியான புது ரகமும் ஒன்றிரண்டு உண்டு. எல்லாம் ஒரே ரோட்டில், ஒரே வேலைக்குத்தான் வருகின்றன. பரீட்சையில் பல்சக்கரக் கணக்குப் போட்டு மார்க் வாங்கும் நாம், கடைக்குப் போனதும் கணக்கை மறந்துவிட்டு ஸ்டிக்கரைப் பார்த்து வண்டி எடுக்கிறோம். நானும் அப்படித்தான் எடுத்தேன். அந்தக் கதையைச் சொன்னால்தான் கணக்குப் புரியும்.

எங்கள் ஊர் உடுமலைக்குக் கிழக்கே. வீட்டிலிருந்து காலேஜ் 9 கி.மீ., போகும்போது மேற்குப் பார்த்து. டவுன் பஸ் ஒன்று விடியற்காலையில் போகும், அடுத்தது முதல் பீரியட் முடிகிற நேரத்துக்கு. எனவே சைக்கிள்தான். முதலாமாண்டு சேர்ந்ததும் அப்பா ஒரு கன்றுக்குட்டியை விற்றுப் பணம் கொடுத்தார். நான் 21 கியர், முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் வைத்த வண்டி எடுத்தேன். ஊரே வந்து பார்த்தது.

ஆனி பிறந்ததும் காற்று ஆரம்பித்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றை எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். சும்மாவா அத்தனை காற்றாலை நட்டிருக்கிறார்கள்? அரை மணியில் போன தூரத்துக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று. முதல் பீரியட் தினமும் ஆப்சென்ட். இதற்கிடையில் வண்டி ஒரு நாள் சாய்ந்து விழுந்ததில் பின்பக்கம் கியர் மாற்றும் டிரெய்லர் வளைந்துவிட்டது. ஊர் சைக்கிள் கடை அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது சைக்கிளா, வாட்ச்சா? இதுக்கு டூலும் எங்கிட்ட இல்லீங்க, சாமானும் இல்லீங்க. டவுனுக்கே எடுத்துட்டுப் போயிருங்க" என்றார். டவுனில் மூன்று நாள். பிறகு இன்னொரு தடவை. செமஸ்டர் முடிவில் என் பெயர் கன்டோனேஷன் லிஸ்டில் இருந்தது. அப்பா திட்டவில்லை. "ஏஞ்சாமி, கன்னுக்குட்டிய வித்து வாங்குன வண்டி இப்புடித் திண்ணைல சாஞ்சு நிக்குதே" என்றார், அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

ஒரு மிதிக்கு எத்தனை மீட்டர்?

சைக்கிளில் முதலில் பார்க்க வேண்டிய எண் விலையல்ல. பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தால் வண்டி எத்தனை மீட்டர் நகரும் என்பதுதான். கருப்பு வண்டியில் முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் இருப்பது சாதாரணம் (48 பல்லும் உண்டு, எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்). 44-ஐ 18-ஆல் வகுத்தால் 2.44. டயரோடு சேர்த்துச் சக்கர விட்டம் சுமார் 715 மி.மீ., சுற்றளவு 2.25 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 5.5 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று நிதானமாக மிதித்தால் மணிக்கு 20 கி.மீ. அதிகம் வியர்க்காமல் காலேஜ் வந்து சேர அது போதும். பழைய வண்டியின் டிசைன் ஒன்றும் குருட்டாம்போக்கு அல்ல.

இப்போது 21 கியர். முன்னால் 3, பின்னால் 7, பெருக்கினால் 21. ஆனால் 21 விதமான வேகம் கிடைக்கிறதா? என் வண்டியில் முன்னால் 28, 38, 48 பல். பின்னால் 14 முதல் 28 வரை. 28-ஐ 14-ஆல் வகுத்தால் 2. 48-ஐ 24-ஆல் வகுத்தாலும் 2. இரண்டு கியர், ஒரே வேகம்! இப்படி ஒன்றின்மேல் ஒன்று விழுவதையும், செயின் குறுக்கே இழுபடுவதால் போடக் கூடாத கோடிக் கியர்களையும் கழித்தால் உருப்படியாக மிஞ்சுவது பத்துப் பன்னிரண்டுதான். அதிலும் சமதளத்தில் நான் மாற்றியது மூன்றே மூன்று.

சரி, கியரே வேண்டாமா? அவசரப்பட வேண்டாம். காற்றைக் கணக்கில் எடுப்போம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள். காற்றே இல்லாத நாளில் 20 கி.மீ. வேகத்தில் போனால் காற்றின் தடை சுமார் 11 நியூட்டன், டயர் உருளும் தடை சுமார் 6 நியூட்டன். மொத்தம் 17. இதை வெல்ல ஏறக்குறைய 100 வாட் போதும். எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால்? காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதே வேகத்தில் போக நினைத்தால் 11 நியூட்டன் 44 நியூட்டன் ஆகிவிடும். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏறும் மேட்டில் நம் எடை பின்னால் இழுக்கும் விசையே 39 நியூட்டன்தான். அதாவது எங்கள் ஊரில் மலை கிடையாது, ஆனாலும் ஆடி மாதம் முழுக்க மலை ஏறுகிறோம்.

அதே 100 வாட்டுக்கு அந்தக் காற்றில் கிடைப்பது மணிக்கு 11 கி.மீ. மட்டுமே. 9 கி.மீ. தூரத்துக்கு 49 நிமிடம். நான் முதல் பீரியடைக் கோட்டை விட்டதன் காரணம் இந்த ஒரு வரியில் இருக்கிறது. எந்தக் கியரும் இதை மாற்றாது, ஏனென்றால் கியர் சக்தியை உண்டாக்குவதில்லை. அது செய்வது வேறு. 5.5 மீட்டர் வண்டியில் 11 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 33 சுற்று. பெடலில் சராசரியாக 170 நியூட்டன், அதாவது 17 கிலோ கனத்தை விடாமல் அழுத்த வேண்டும். முழங்கால் கேள்வி கேட்கும். பின்னால் 18 பல்லுக்குப் பதில் 22 பல் ஃப்ரீவீல் போட்டால் ஒரு மிதிக்கு 4.5 மீட்டர்; 41 சுற்று; அழுத்தம் 137 நியூட்டன். வேகம் அதேதான், கால் பிழைக்கும். ஊர்க் கடையிலேயே மாற்றித் தருகிற வேலை இது. செயினில் ஒரு கண்ணி சேர்க்க வேண்டி வரலாம்.

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கத்து நண்பர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். உங்களுக்குக் கியர் வண்டிதான். ஆனால் பின்னால் மட்டும் 7 கியர் உள்ளது கிடைத்தால் அதை எடுங்கள். ரிப்பேர் பாதி குறையும்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. 20 கிலோ வண்டிக்குப் பதில் 14 கிலோ வண்டி எடுத்தால் மேலே சொன்ன மேட்டில் மிச்சம் 3 நியூட்டன். சமதளத்தில் அரை நியூட்டன்கூட இல்லை. ஆனால் பட்டன் டயர் தார் ரோட்டில் உருளும் தடையை இரண்டு மடங்காக்கிவிடும், 6 நியூட்டன் கூடுதல். மலிவான ஷாக் அப்சார்பர் ஒவ்வொரு மிதிக்கும் அமுங்கி எழுந்து நம் உழைப்பில் தன் பங்கைத் தின்னும். அதாவது எடையைக் குறைக்க ஆயிரக்கணக்கில் கொடுப்பதைவிட, வழவழப்பான டயர் போட்டு அதன் பக்கவாட்டில் அச்சிட்ட அளவுக்குக் காற்று அடித்து வைப்பது லாபம்.

பிரேக்: இதில் விளையாட வேண்டாம்

கருப்பு வண்டியைப் புகழ்ந்துவிட்டேன். அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். என் ரூம்மேட் ஒருவன், ஐப்பசி மழையில் ராடு பிரேக் வண்டியில் வந்துகொண்டிருந்தான். முன்னால் போன மினி லாரி நின்றது. இவன் இரண்டு பிரேக்கையும் பிடித்தான். வண்டி நிற்கவில்லை. மணிக்கட்டு எலும்பு முறிந்து, லேத் பிராக்டிகல் எழுத முடியாமல் ஒரு செமஸ்டர் போயிற்று.

குற்றம் அவனுடையது அல்ல. குரோமியம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் ரப்பர் பிடிக்காது. உராய்வு பாதிக்கும் கீழே போய்விடும். கணக்கைப் பாருங்கள். 20 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி விநாடிக்கு விநாடி 3 மீட்டர் என்று வேகம் குறைந்தால் 5 மீட்டரில் நிற்கும். அதுவே 1 மீட்டர் என்று குறைந்தால் 15 மீட்டர். இடையில் உள்ள 10 மீட்டரில்தான் லாரி நின்றது.

எனவே மழை அதிகம் உள்ள ஊர், டிராஃபிக் அதிகம் உள்ள டவுன் என்றால் அலுமினிய ரிம்மும் வி பிரேக்கும் உள்ள வண்டியே சரி. அலுமினியம் நனைந்தாலும் அவ்வளவு மோசம் செய்யாது. டிஸ்க் பிரேக் மழையில் இன்னும் நல்லது, ஆனால் மலிவு வண்டிகளில் வருவதை அடிக்கடி சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். இரும்பு ரிம் வண்டிதான் இருக்கிறது என்றால், மழையில் தேவைக்கு முன்பே பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே வாருங்கள். ரப்பர் தண்ணீரை வழித்துவிடும். இருட்டில் வருகிறவர்கள் பின்பக்கச் சிவப்பு விளக்கை விட்டுவிடாதீர்கள். பழைய 6 வோல்ட், 3 வாட் டைனமோ வண்டி நின்றால் அணைந்துவிடும், இப்போதுள்ள எல்.இ.டி. அணையாது.

26 எல்லாம் 26 அல்ல

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தங்கையின் சைக்கிளுக்கு டயர் வாங்க டவுனுக்குப் போய் "26 டயர் குடுங்க" என்றேன். கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினால் சேரவில்லை. திரும்ப ஒன்பது மைல். பிறகுதான் டயரின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் இரட்டை எண்ணைப் பார்த்தேன். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். லேடீஸ் வண்டியின் 26 × 1⅜ டயரில் 37-590 என்றிருக்கும். எம்.டி.பி.யின் 26-இல் இரண்டாவது எண் 559. பெயர் ஒன்று, வித்தியாசம் 31 மி.மீ. இதே கூத்து 28-இலும் உண்டு. கருப்பு வண்டியின் 28 × 1½ என்பது 40-635. ஹைப்ரிட் வண்டியின் 700 சி என்பது 622. அதையும் சிலர் 28 என்றே எழுதுகிறார்கள். இரண்டாவது எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அகலத்துக்கு 35 முதல் 40 மி.மீ. நம் ரோட்டுக்குப் பொருந்தும். அதைவிட ஒல்லியான ரேஸ் டயர், மண் ரோட்டில் சறுக்கும். கருவேல முள்ளும் நெருஞ்சியும் உள்ள இடத்தில் வாரம் ஒரு பஞ்சர்.

ஃப்ரேமைப் பற்றி நம் எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ் பாடமே சொல்லிவிடும். முக்கோணம் அசையாது. கிடைமட்ட பார் உள்ள ஜென்ட்ஸ் வண்டி பால் கேன் சுமப்பது அதனால்தான். லேடீஸ் ஃப்ரேமில் பார் கீழே இறங்குவதால் கொஞ்சம் நெகிழும், ஆனால் ஒரு மாணவியையும் புத்தகப் பையையும் சுமக்க அது தாராளம். சுடிதாருக்கும் துப்பட்டாவுக்கும் முழுச் செயின் கவர்தான் முக்கியம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றபோது, லேடீஸ் வண்டி போதவில்லை என்று ஜென்ட்ஸ் வண்டியை எடுத்தார்கள். சிலர் அதையே விரும்பினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்: முன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! வண்டி தேர்வு என்றால் இதுதான். தனக்கு என்ன சுமை என்று அந்தத் தாய்மார்களுக்குத் தெரிந்திருந்தது.

உயரமும் பார்க்க வேண்டும். கருப்பு வண்டியில் 22, 24 இஞ்ச் என இரண்டு ஃப்ரேம் உண்டு. சீட்டில் உட்கார்ந்து பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக வேண்டும். அப்போது முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் லேசாக மடங்கும். நம்மில் பாதிப் பேர் சீட்டை அடியோடு இறக்கிவிட்டு, "வண்டி கனமா இருக்குடா" என்கிறோம்.

கடைசியாக, சாமான். சோனிபட்டில் 1951-இல் தொடங்கிய அட்லஸ் கம்பெனியின் சாகிபாபாத் தொழிற்சாலை 2020 ஜூன் 3 அன்று, உலக சைக்கிள் தினத்திலேயே, உற்பத்தியை நிறுத்தியது. ஆனாலும் எங்கள் ஊரில் அட்லஸ் வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. காட்டர் பின், ஃப்ரீவீல், செயின், கால் இஞ்ச் பால், 28 டயர் எல்லாம் எந்தக் கம்பெனி வண்டிக்கும் பொதுவானவை; ஊர்க் கடை அண்ணன் டப்பாவிலேயே இருக்கும். நீங்கள் எடுக்க நினைக்கும் வண்டியின் படத்தைக் காட்டி, "அண்ணா, இதை நீங்க பார்ப்பீங்களா?" என்று முதலில் அவரிடம் கேட்டுவிடுங்கள். பேட்டரி சைக்கிளுக்கும் இதே கேள்வி. சார்ஜ் தீர்ந்தால் அந்தக் கனத்தை நாம்தான் மிதிக்க வேண்டும்.

நான் என்ன செய்தேன்? 21 கியரைப் பாதி விலைக்கும் கீழே தள்ளிவிட்டு, ஒரு பழைய 28 இஞ்ச் வாங்கி, பின்னால் 22 பல் போட்டேன். காற்று என்னை இன்னும் ஜெயிக்கத்தான் செய்கிறது. ஆடியில் வீட்டை விட்டு இருபது நிமிடம் முன்னதாகக் கிளம்புகிறேன். ஆனால் பிறகு ஒரு நாள்கூட ரிப்பேருக்காக லீவு போடவில்லை. சாயங்காலம் காற்றே வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வருகிறது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிக் கோட்டம் பாருங்கள்; கிராங்கைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள்; ஃபோர்க் கழுத்தில் வெல்டிங் பட்டிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். எழுதிக் கொடுக்கச் சொல்லி ஒரு ரசீது வாங்குங்கள். ஃப்ரேம் நம்பரை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஸ்டாண்டில் ஒரே மாதிரிக் கருப்பு வண்டி பதினேழு நிற்கிறது, நான் எண்ணியிருக்கிறேன்.