ஈகைக்கும் ஓர் அளவுகோல்

இவ்வாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு செயற்குழுவினர் பணித்தபொழுது, ஆன்மிகம் பற்றி எழுதும் தகுதி எனக்கில்லையே என்று தயங்கினேன். "ஓய்வு பெற்றபின் புள்ளியியல் கற்றீர்களே, அதையே எழுதுங்கள். அதுவும் நம் அறநிதியின் பணிக்காகக் கற்றதுதானே" என்றார் செயலாளர். ஆகவே எழுதத் துணிந்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் நம் அறநிதி நடத்திவரும் சனிக்கிழமைக் கூடுதல் வகுப்பை அன்பர்கள் அறிவீர்கள். கணிதத்தில் பின்தங்கிய இடைநிலைப்பள்ளி மாணவர்களை ஒரு தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு தேர்ந்தெடுத்து, கட்டணமின்றிக் கற்பிக்கிறோம். அதன் கணக்கு வழக்குகளைப் பார்ப்பது என் பொறுப்பு. சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஆண்டுக் கூட்டத்தில், மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்ததைக் காட்டும் பட்டியலைப் பெருமையுடன் வாசித்தேன். அவையோர் கைதட்டினர்.

கூட்டம் முடிந்து சிற்றுண்டி பரிமாறும் நேரத்தில், வகுப்பில் உதவிவந்த ஆறாம் படிவ மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "தாத்தா, நம் வகுப்புக்கு வராமலே இருந்திருந்தால் அவர்களுடைய மதிப்பெண் எவ்வளவு ஆகியிருக்கும்?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. கேள்வியே விளங்கவில்லை என்பதுதான் உண்மை. அவள் எஸ்.டி.பி.எம். தேர்வுக்குக் கணிதம் (டி) பயில்பவள். அப்பாடத்தின் மூன்றாம் தவணை முழுவதும் புள்ளியியல்தான். நானோ கூட்டல், கழித்தல், சராசரி என்பதோடு நின்றவன்.

கைகொடுத்த நூல்

அவளுடைய பாடநூலைத் திறந்தேன். இரண்டாம் பக்கத்திலேயே மூடிவிட்டேன். பின்னர்ப் பழைய புத்தகக் கடையொன்றில் டெரெக் ரவுன்ட்ரீ எழுதி 1981-இல் வெளிவந்த 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வித்தவுட் டியர்ஸ்' என்ற கையேடு கிடைத்தது. 'கண்ணீரில்லாப் புள்ளியியல்' எனலாம். கணிதம் பயிலாதவர்களுக்கென்றே எழுதப்பட்ட அந்நூலில் சூத்திரங்கள் மிகக் குறைவு, கருத்துகளே முதன்மை. கருத்து விளங்கிய பின், கணக்குப் போட்டுப் பழகுவதற்கு மர்ரே ஸ்பீகல் எழுதிய பயிற்சி நூல் உதவியது. என்னைப் போன்ற முதியோருக்கு நான் சொல்லும் வழி இதுதான்: முதலில் எளிய நூலால் கருத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓர் அத்தியாயம் முடிந்ததும் நூலை மூடிவிட்டு, உங்களுக்குத் தெரிந்த எண்களை வைத்து அதையே செய்து பாருங்கள். சூத்திரம் பிறகு தானாக வரும்.

முதற் பாடமே என் கண்ணைத் திறந்தது. சராசரி மட்டும் போதாது என்பதே அது. மலேசியப் புள்ளியியல் துறையின் கணக்குப்படி, 2022-இல் நாட்டின் சராசரிக் குடும்ப மாத வருமானம் 8,479 வெள்ளி. ஆனால் குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம் 6,338 வெள்ளிதான். மேலே உள்ள சிலரின் பெரிய வருமானம் சராசரியை உயர்த்திவிடுகிறது. யாருக்கு உதவித்தொகை என்று முடிவு செய்யும்பொழுது, எந்த எண்ணைப் பார்க்கிறோம் என்பது ஓர் ஏழைக் குடும்பத்தின் தலைவிதியையே மாற்றக்கூடும்.

தற்செயலா, உண்மையா?

அடுத்த படி, மதிப்பெண் உயர்வு தற்செயலாக வந்ததா என்று ஆராய்வது. கணக்கு எளிதாக இருக்க, ஓர் எடுத்துக்காட்டை நானே அமைத்துக்கொள்கிறேன். மாணவர்கள் 36 பேர். சராசரி உயர்வு 6 மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் சரியாக 6 உயர்ந்திருக்கமாட்டார்கள். சிலர் 20 உயர்ந்திருப்பார்கள்; சிலர் இறங்கியும் இருப்பார்கள். இந்தச் சிதறலை அளப்பது திட்ட விலக்கம். அது 12 என்க. இதனை மாணவர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால், அதாவது 6-ஆல் வகுத்தால் 2 வரும். இது திட்டப் பிழை எனப்படும். சராசரிக்கு இருபுறமும் ஏறத்தாழ இரண்டு திட்டப் பிழை தூரம் சென்றால், உண்மையான உயர்வு 2-க்கும் 10-க்கும் இடையில் இருக்கும் என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நம்பிக்கையுடன் கூறலாம். அந்த இடைவெளியில் சுழியம் இல்லை. ஆகவே இவ்வுயர்வைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

இந்த இடத்திற்கு வந்ததும் எனக்குப் பெருமகிழ்ச்சி. வகுப்பு பலன் தந்தது என்று நிறுவிவிட்டதாகவே எண்ணினேன். அந்த மாணவியிடம் காட்டினேன். அவள் சிரித்துவிட்டு, "உயர்வு உண்மைதான் தாத்தா. ஆனால் அது வகுப்பால்தான் வந்தது என்று எங்கே சொல்கிறது?" என்றாள்.

கண்ணேறு அன்று

இங்கேதான் நூலின் கடினமான பகுதி தொடங்கியது. ஒரு மாணவன் ஒரு தேர்வில் பெறும் மதிப்பெண்ணில் அவனுடைய திறமையும் உண்டு, அன்றைய அதிர்ஷ்டமும் உண்டு. காய்ச்சலோடு எழுதியிருக்கலாம்; படிக்காத பகுதியிலிருந்தே வினாக்கள் வந்திருக்கலாம். மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், அவர்களுள் அன்று நேரம் சரியில்லாமற் போனவர்கள் பலர் இருப்பார்கள். அடுத்த தேர்வில் அந்தக் கெட்ட நேரம் திரும்ப வரவேண்டிய கட்டாயமில்லை. ஆகவே யாரும் எதுவும் கற்பிக்காவிட்டாலும் அவர்களுடைய சராசரி சற்று உயரும். இதனைச் சராசரியை நோக்கித் திரும்புதல் என்பர். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடச் சற்றுக் குட்டையாக இருப்பதைக் கண்டு, 1886-இல் இதனை விளக்கியவர் பிரான்சிஸ் கால்ட்டன்.

இதன் மறுபக்கத்தை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். விழாவில் முதற்பரிசு வாங்கிய பிள்ளை அடுத்த தேர்வில் சற்று இறங்கினால், கண்பட்டுவிட்டது என்று தாயார் உப்பும் மிளகாயும் சுற்றிப்போடுகிறார். சுற்றிப்போடுவதை நான் குறை கூறவில்லை. ஆனால் அந்த இறக்கத்திற்குப் பெரும்பாலும் கண்ணேறு காரணமன்று. முதற்பரிசு நாளில் அமைந்த நல்ல நேரம் மீண்டும் அமையவில்லை, அவ்வளவுதான்.

நான் அவையில் வாசித்த உயர்வில் எவ்வளவு நம் ஆசிரியர்களின் உழைப்பு, எவ்வளவு தானாகவே வந்திருக்கக்கூடியது? எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாகக் கூறி நன்கொடையாளரிடம் கைதட்டு வாங்கியிருந்தேன். அதை அடுத்த கூட்டத்தில் எழுந்து சொன்னேன். சொல்வதற்குக் கூச்சமாக இருந்தது. சொன்ன பின் மனம் இலேசாயிற்று.

திருவுளச் சீட்டு

விடை காண ஒரே வழி, வகுப்புக்கு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிடுவது. ஆனால் நாமாகப் பொறுக்கினால் ஆர்வமுள்ள பிள்ளை ஒரு பக்கமும் ஆர்வமற்ற பிள்ளை மறுபக்கமும் சேர்ந்துவிடும். பாரபட்சமின்றிப் பிரிக்கச் சீட்டுப் போடுவதே வழி. இது நமக்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்த குடவோலை முறையை விவரிக்கிறது. கோயில்களில் திருவுளச் சீட்டுப் போடும் வழக்கத்தையும் அறிவோம்.

இதையே மருத்துவ உலகமும் கைக்கொண்டது. போருக்குப் பிந்திய பிரிட்டனில் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து எல்லாருக்கும் போதுமான அளவு இல்லை. பிராட்போர்ட் ஹில் என்னும் புள்ளியியலாளர் வகுத்த திட்டப்படி, மருந்து யாருக்கு என்பது சீட்டைப் போன்ற தற்செயல் எண்களால் முடிவு செய்யப்பட்டது. 1948-இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதங்களில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்தனர். மருந்தின் ஆற்றல் ஐயமின்றி வெளிப்பட்டது.

நம் வகுப்பிலும் இடம் குறைவு, விண்ணப்பங்கள் மிகுதி. ஆகவே அடுத்த ஆண்டு விநாயகர் சந்நிதியில் சீட்டுப் போட்டோம். பெயர் வராதவர்களுக்கு அடுத்த தவணையில் இடம் உறுதி என்று எழுதிக் கொடுத்தோம். உடனடி உதவி தேவைப்பட்ட சில பிள்ளைகளைச் சீட்டில் சேர்க்காமல் நேரே எடுத்துக்கொண்டு, அவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டோம். ஒரு தாயார், "என் பிள்ளை பெயர் வரவில்லையே ஐயா" என்று கலங்கியது இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது. "முன்பெல்லாம் யார் முதலில் வந்தார்களோ, யாரைத் தெரியுமோ அவர்களுக்கு இடம் கிடைத்தது அம்மா. இது அதைவிட நியாயம்" என்றுதான் அவருக்குச் சொல்ல முடிந்தது.

முடிவு என்ன? இரண்டு பிரிவும் உயர்ந்தன. வகுப்புக்கு வந்தவர்கள் சற்றுக் கூடுதலாக உயர்ந்தனர். ஆனால் அந்த வித்தியாசம் உறுதியாகப் பேசும் அளவிற்கு இல்லை. மீண்டும் எடுத்துக்காட்டு எண்களால் விளக்குகிறேன். ஒவ்வொரு பிரிவிலும் 18 பேர், திட்ட விலக்கம் 12 என்றால், 144-ஐ 18-ஆல் வகுக்க 8. இரு பிரிவுக்கும் கூட்ட 16. அதன் வர்க்கமூலம் 4. இதுவே வித்தியாசத்தின் திட்டப் பிழை. ஒரு பிரிவு 8-ம் மற்றது 3-ம் உயர்ந்தால் வித்தியாசம் 5. இருபுறமும் 8 தூரம் சென்றால், குறை 3 முதல் 13 வரை வரும். சுழியம் அதற்குள் அடங்கிவிடுகிறது. பலன் இல்லை என்று இதற்குப் பொருளன்று. நம்மிடம் இன்னும் போதிய சான்று இல்லை என்பதே பொருள். திட்டப் பிழையைப் பாதியாக்க மாணவர் எண்ணிக்கை நான்கு மடங்காக வேண்டும். எனவே ஆண்டுதோறும் கணக்கைச் சேர்த்துக்கொண்டே வருகிறோம்.

மகாபாரதத்தில் நளன் கதையை அறிவீர்கள். இருதுபன்ன மன்னன் தேரில் செல்லும்பொழுது, வழியிலிருந்த தான்றி மரத்தின் இலைகளும் காய்களும் எத்தனை என்று பார்த்த அளவில் சொன்னான். தேரோட்டியாக இருந்த நளன், அரசன் வாக்கு என்று நம்பிவிடாமல் தேரை நிறுத்தி இறங்கி எண்ணிப் பார்த்தான். கணக்கு ஒத்துவந்தது. அந்த வித்தையைக் கற்ற பின்னரே கலி அவனை விட்டு நீங்கினான்.

நன்கொடையாளப் பெருமக்களுக்கு என் விண்ணப்பம் இதுவே. நாங்கள் கூறும் எண்களைக் கேட்டுக் கைதட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். தேரை நிறுத்தி, இறங்கி எண்ணுங்கள். எதனோடு ஒப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்வி ஈகையைக் குறைக்காது. அது சேரவேண்டிய பிள்ளைக்குச் சேரும்படி செய்யும். எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.