பசுவின் கருப்பையும் கருவின் முதல் ஆகாரமும்

வேளாங்கண்ணி முதலிய கடலோர நெற்பிரதேசங்களில் சேற்றுழவுக்குப் பேர்போனவை உம்பளாச்சேரி மாடுகள். நாகப்பட்டினம் ஜில்லாவிலுள்ள உம்பளாச்சேரி கிராமத்தின் பெயரையே அவ்வினம் தாங்கி நிற்கிறது. அவ்வினப் பசுவாயினும் கலப்பினப் பசுவாயினும், இருமுறை மும்முறை சேர்த்தும் சினை நில்லாவிடில், மலடென்று தீர்மானித்து வந்த விலைக்கு விற்றுவிடுவோர் பலர். சங்கக் கடனில் வாங்கிய மாடாயின், மாடு போன பின்பும் கடன் நிற்கும். ஆதலின் சினை நிற்கும் விதத்தை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிதல் அவசியம்.

கருப்பை வெறும் பையன்று. அதன் உட்சுவரில் நுண்ணிய குழல்கள் போன்ற சுரப்பிகள் எண்ணிறந்தன உள. கருவானது 4 அல்லது 5 ஆம் நாளில் கருப்பையை அடைகிறது. அதன் சுவரைப் பற்றத் தொடங்குவதோ ஏறக்குறைய 19 ஆம் நாளில்தான். இடைப்பட்ட இரண்டு வாரங்களில் அச்சுரப்பிகள் ஊறவிடும் நீரே அதற்கு ஆகாரம். இதனைக் கருப்பைப் பால் என்பர். வேர் பிடியாத நாற்றுக்கு வயலின் ஈரம் எவ்வாறோ, கருவுக்கு இது அவ்வாறு. இதனை உண்டு கரு நூல்போல் நீண்டு, 16 ஆம் நாளளவில் தன் இருப்பைத் தாயுடலுக்கு உணர்த்தும் பொருளொன்றை வெளியிடுகிறது. அக்குறிப்பு கிட்டாவிடில், 21 ஆம் நாள் சுமாருக்குப் பசு மறுபடியும் பருவத்துக்கு வரும். அழியும் இளங்கருக்களில் பெரும்பகுதி இந்த 16 நாட்களுக்குள்ளேயே அழிகின்றன.

இச்சுரப்பிகளின் வளர்ச்சி பெரும்பாலும் பிறந்த பின்னரே நிகழ்கிறது. அமெரிக்க விஞ்ஞானிகள், செம்மறிப் பெண்குட்டிகளுக்குப் பிறந்தது முதல் 8 வாரங்கள் ஹார்மோன் மருந்து செலுத்தி அவ்வளர்ச்சியைத் தடுத்தனர். வளர்ந்த பின் அவ்வாடுகளில் கரு நீளவுமில்லை, சினை நிலைக்கவுமில்லை என்று 2001 இல் வெளியிட்டனர். மாதர்க்கும் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இச்சுரப்பிகளே சிசுவுக்கு ஊட்டமளிக்கின்றன என்று 2002 இல் விளக்கப்பட்டது.

ஆகவே அங்கத்தினர் கவனிக்க வேண்டியவை இவை. இளங்கிடேரிக் கன்றுக்கு வைத்தியர் சொல்லாமல் ஹார்மோன் மருந்து கொடுக்கலாகாது. கன்று ஈன்ற 12 மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழாவிடில், கையால் இழுப்பதும் கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும் கூடா; கருப்பை புண்பட்டுச் சீழ்வைத்தால் சுரப்பிகளும் கெடும். உடனே கால்நடை வைத்தியரை அழைக்க வேண்டும். ஈன்ற பின் சுமார் 60 நாட்கள் கருப்பை ஆற இடங்கொடுத்துச் சேர்ப்பது நலம். சேர்த்த தேதியைக் குறித்துவைத்து, 21 ஆம் நாளையொட்டி உற்று நோக்குக.

மும்முறையும் தவறினால், காரணம் கருப்பையாகவும் இருக்கலாம். தீவனம், சேர்த்த வேளை முதலிய பிறவாகவும் இருக்கலாம். அவற்றுள் பல தீர்க்கத்தக்கவை. சந்தைக்கு ஓட்டுமுன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டுவதே விவேகம்.