முதல் பலகையிலேயே வேகத்தைக் குறைப்போம்

நாற்கரச் சாலையில் மேம்பாலப் பணி நடக்கும் இடங்களை நாம் அடிக்கடி கடக்கிறோம். 'பணி நடைபெறுகிறது, மெதுவாகச் செல்லவும்' என்ற பலகையைப் பார்த்தாலும், பள்ளம் கண்ணில் படும்வரை வேகத்தைக் குறைப்பதில்லை.

கணக்குப் பார்ப்போம். 80 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தை உணர்ந்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆனால், அதற்குள் 33 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் தனி. வேகம் 40 ஆக இருந்தால் அந்தத் தூரம் நாலில் ஒரு பங்காகிறது. கூம்புகள் வைத்துப் பாதையை ஒடுக்கும் இடத்துக்கு வெகு முன்பே முதல் பலகையை வைப்பது இதற்காகத்தான். கூம்புக்கு அந்தப் பக்கம் நிற்பவர் கூலிக்கு வந்த தொழிலாளி. அவருக்கு அந்த ரப்பர் கூம்பைத் தவிர வேறு காவல் பல இடங்களில் இல்லை.

வலீமா முடிந்து இரவோடு இரவாக வேனில் திரும்பும்போது ஓட்டுநரை அவசரப்படுத்த வேண்டாம். சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினால் என்ன? பழுதான வண்டிக்கு அணை கொடுத்த கல்லை நடுரோட்டில் விட்டுப் போகிறவர்கள் நம்மிலும் உண்டு. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மதரஸாவில் படித்தவர்கள்தாம் நாம்!

பலகையோ இரவு விளக்கோ இல்லாத பணியிடத்தைக் கண்டால், அதைக் கடந்து பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குச் சொல்வோம். அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் சேர்த்துச் சொன்னால் இடத்தைக் கண்டுபிடிப்பது அவர்களுக்கு எளிது.