பறக்கத் தொடங்கும் பிள்ளைக்கு

கண்ணு, நம் ஏற்காட்டுக் காப்பியை வெளியூர்க்காரர்களிடம் கொண்டுபோய் விற்கும் வேலை இனி உன்னுடையது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பியை நட்டார். அன்றிலிருந்து விளைந்ததைக் கீழே இறக்கி விற்கப் போகிறவர்கள் ஒரு தலைமுறைக்கு அடுத்து ஒரு தலைமுறையாக வந்துகொண்டே இருக்கிறார்கள். உனக்கு பெங்களூர், மும்பை, டெல்லி, அவ்வப்போது துபாய், சிங்கப்பூர், இத்தாலி என்று அலைச்சல் இருக்கும். எந்த விமான நிறுவனத்தின் உறுப்பினர் திட்டத்தில் சேர்ந்தால் நல்லது என்று கேட்டிருந்தாய். ஒரு பெயரை மட்டும் சொல்லிவிட்டால் அது மாறும் நாளில் நீ திகைத்து நிற்பாய். அதனால் தேர்ந்தெடுக்கும் விதத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

1. முதலில் உன் வழியை எழுது. வரப்போகும் ஓர் ஆண்டில் எந்தெந்த ஊருக்கு எத்தனை முறை போவாய், எந்த விமான நிலையத்தில் ஏறுவாய் என்று ஒரு தாளில் போடு. விளம்பரத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகு. நமக்கு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால்தான் சேலமே வரும். அங்கே கமலாபுரம் விமான நிலையம் இருக்கிறது. ஆனால் அதன் கதை உனக்குத் தெரியும். 2009இல் கிங்ஃபிஷர் வந்தது, நின்றது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் டுருஜெட் வந்தது, அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் மீண்டும் விமானம் வந்திருக்கிறது. வந்தவரை மகிழ்ச்சி, பயன்படுத்திக்கொள். ஆனால் உன் கணக்கை கோவை, பெங்களூர், சென்னை மூன்றையும் வைத்துப் போடு. ரயிலில் சௌகரியமாகப் போகக்கூடிய ஊருக்கு உறுப்பினர் திட்டத்தின் புள்ளிக்காகப் பறக்காதே. கோவை–சென்னை வந்தே பாரத் 2023 ஏப்ரலிலிருந்து சேலத்தில் நின்றுதான் போகிறது.

2. உள்நாட்டுக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு ஒன்று. இரண்டுக்கு மேல் வேண்டாம். நம் பக்கத்து ஊர்களுக்கு அதிகம் பறப்பது இண்டிகோ. 2006இல் தொடங்கிய அந்த நிறுவனம் பதினெட்டு ஆண்டுகள் உறுப்பினர் திட்டமே இல்லாமல் ஓடிவிட்டு, 2024இல்தான் 'ப்ளூசிப்' கொண்டுவந்தது. உன் பயணத்தில் பெரும்பகுதி நாட்டுக்குள்ளேயே என்றால் அதில் சேர். ஆனால் இண்டிகோ மூன்று பெரிய விமானக் கூட்டணிகளில் எதிலும் இல்லை என்பதை மனதில் வை, அவை என்ன என்று அடுத்துச் சொல்கிறேன். ஏர் இந்தியா 2014 ஜூலையில் ஸ்டார் அலையன்ஸில் சேர்ந்தது. அதன் பழைய 'ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ்' 2025இல் 'மகாராஜா கிளப்' ஆனது. டெல்லி, மும்பைக்கு அந்த விமானத்தில்தான் அதிகம் போவாய் என்றால் இரண்டு வேலையையும் அது ஒன்றே செய்துவிடும்.

3. கூட்டணி என்றால் என்ன என்பதை நிதானமாகப் புரிந்துகொள். இதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். 1997இல் ஸ்டார் அலையன்ஸ், 1999இல் ஒன்வேர்ல்டு, 2000இல் ஸ்கைடீம் வந்தன. ஒரு கூட்டணிக்குள் எந்த நிறுவனத்தின் விமானத்தில் பறந்தாலும், நீ உறுப்பினராக இருக்கும் ஒரே கணக்கில் மைல்களை, அதாவது புள்ளிகளை, வரவு வைக்கலாம். இத்தாலிக்கு லுஃப்தான்சாவில் ஃபிராங்ஃபர்ட் வழியாகப் போனால், அதற்காக லுஃப்தான்சாவின் கணக்கு திறக்க வேண்டியதில்லை. கையில் இருக்கும் ஏர் இந்தியா எண்ணையோ சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எண்ணையோ கொடுக்கலாம். கத்தார் ஏர்வேஸ், ஸ்ரீலங்கன் இரண்டும் ஒன்வேர்ல்டு. எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை. துபாய்க்கு மட்டுமே மாதாமாதம் போகிறவனுக்கு எமிரேட்ஸின் 'ஸ்கைவார்ட்ஸ்' சரி, மற்றவர்களுக்கு அது தனித் தீவு.

சேலம் பக்கத்து ஆளுக்கு என் தீர்ப்பு இதுதான். வெளிநாட்டுப் பயணம் கொஞ்சமாவது உறுதியாக இருந்தால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 'கிரிஸ்ஃப்ளையர்' நல்ல இடம். சென்னையிலிருந்து அந்த நிறுவனமே பறக்கிறது. கோவையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் அதன் துணை நிறுவனம் ஸ்கூட் பறக்கிறது, அதிலும் மைல் கிடைக்கும். ஐரோப்பாவுக்கு லுஃப்தான்சாவில் போவதும் இதே கணக்கில் சேரும். ஒன்று மட்டும் கவனி. மிக மலிவான டிக்கெட்டுகள் சிலவற்றுக்குக் கூட்டணி நிறுவனத்தில் பறந்தால் சொற்ப மைல்தான் கிடைக்கும், சிலவற்றுக்கு ஒன்றுமே கிடைக்காது. டிக்கெட்டில் ஓர் ஆங்கில எழுத்தாகக் குறித்திருக்கும் கட்டண வகுப்பைப் பார்த்துவிட்டு ஆசைப்படு.

4. பெயரைச் சரியாகப் போடு. சின்ன விஷயம் என்று நினைக்காதே, நம் ஊர்க்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, பான் அட்டையில் முன்பின்னாக என்று ஒரே ஆள் மூன்று பேராக இருப்போம். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே உறுப்பினர் கணக்கிலும் டிக்கெட்டிலும் இருக்கட்டும். பெயர் பொருந்தாவிட்டால் வரவு ஏறாது. ஏறும்வரை போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதே. விடுபட்டதைக் கேட்டு வாங்கச் சில மாதங்கள்தான் அவகாசம் தருவார்கள். எங்கள் காலத்துக் கணக்குப்பிள்ளை ஒருவர், மிளகு எடைச்சீட்டு ஒவ்வொன்றையும் பணம் கைக்கு வரும்வரை கம்பியில் குத்தி வைத்திருப்பார். அவரிடம் ஒரு மூட்டைகூடக் கணக்கில் தவறியதில்லை. அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்.

5. புள்ளி என்பது பணம் ஆகாது. மிளகுக் கொடியை ஏற்றுவதற்கு முன் சில்வர் ஓக் மரம் உறுதியாக நிற்கிறதா என்று பார்ப்போம், மரம் சாய்ந்தால் கொடியும் சாயும். திட்டமும் நிறுவனத்தைப் பற்றித்தான் நிற்கிறது. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று கடைசியாகப் பறந்தது. அதன் 'ஜெட்பிரிவிலேஜ்' தனி நிறுவனமாக இருந்ததால் 'இன்டர்மைல்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டு தொடர்ந்தது, ஆனால் மைல் சேர்த்தவர்கள் ஆசைப்பட்டு ஏறிய அந்த விமானம் இல்லை. விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்தது, அதன் உறுப்பினர்களின் புள்ளிகள் ஏர் இந்தியா திட்டத்துக்குப் போயின. எல்லாம் நம் கண்முன்னே நடந்தவை.

நிறுவனம் நன்றாகவே நடந்தாலும், ஒரு டிக்கெட்டுக்கு இத்தனை புள்ளி என்ற விலையை அவர்கள் ஏற்றலாம். காலாவதியும் உண்டு. கிரிஸ்ஃப்ளையர் மைலுக்கு மூன்று ஆண்டு ஆயுள். ஆகவே சேர், செலவழி, மறுபடி சேர். பத்து ஆண்டு கழித்துப் பேரப்பிள்ளைகளோடு போகலாம் என்று பூட்டி வைக்காதே.

6. கணக்குப் போடத் தயங்காதே. எட்டாயிரம் ரூபாய் டிக்கெட்டைப் பத்தாயிரம் புள்ளிக்குத் தருகிறார்கள், வரியும் கட்டணமுமாக இரண்டாயிரம் ரூபாய் நீ கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள். உனக்கு மிச்சம் ஆறாயிரம். ஒரு புள்ளி அறுபது பைசா. இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுவிட்டால், 'இருமடங்கு புள்ளி' என்று வரும் செய்திகள் உன்னை அசைக்காது. சில நூறு புள்ளி கூடுதலாக வருகிறது என்று இரண்டாயிரம் ரூபாய் அதிகம் கொடுத்து டிக்கெட் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், படித்தவர்கள்தான். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றவர்கள் ஆகாயத்துக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

7. விமான நிறுவனத்தின் பெயர் போட்ட கிரெடிட் கார்டு வரும். மாதம் முழுத் தொகையையும் கட்ட முடிந்தால் வாங்கு. இல்லாவிட்டால் தொடாதே. இங்கே பாக்கி வைத்தால் வட்டி மாதம் மூன்றரை சதவீதத்துக்கு மேலும் போகும், ஆண்டுக்கு நாற்பதைத் தாண்டும். அதை ஈடுகட்டும் மைல் எங்கும் கிடையாது.

8. தங்க அட்டைக்கு அடிமை ஆகாதே. இதைச் சொல்லத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன். புள்ளி இரண்டு வகை. ஒன்று செலவழிக்க, மற்றொன்று படிநிலை ஏற. கிரிஸ்ஃப்ளையரில் பன்னிரண்டு மாதத்தில் 50,000 எலைட் மைல் சேர்த்தால் எலைட் கோல்டு. அது ஸ்டார் அலையன்ஸ் முழுவதும் செல்லும். லவுஞ்சில் உட்காரலாம், கூடுதல் பெட்டி கொண்டுபோகலாம், முன்னால் ஏறலாம். அலைந்து களைத்தவனுக்கு இவை உண்மையான உதவி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது வேலையின் ஊடே தானாக வர வேண்டும். இந்த மலையில் எனக்குத் தெரிந்த ஒருவர், நல்ல விவசாயி, நல்ல மனிதர். ஒரு வருடக் கடைசியில் அட்டை கீழே இறங்கிவிடும் என்று வேலை ஒன்றும் இல்லாமலே டெல்லிக்குப் போய்த் திரும்பினார். அது டிசம்பர், பழம் பறிக்கும் காலம். அவர் இல்லாத நாட்களில் ஆட்களைப் பிரித்துவிட யாரும் இல்லை. செவ்வென்று பழுத்தது கறுத்து உதிர்ந்தது, வாரக் கூலியும் தள்ளிப்போனது. அட்டை கீழே இறங்காமல் நின்றது. அந்த வருடம் அவர் களத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். நவம்பர் முதல் ஜனவரி வரை உன் இடம் தோட்டம். அந்த மாதங்களில் எந்த அட்டை கீழே இறங்கினாலும் இறங்கட்டும்.

9. யார் பணத்தில் பறக்கிறாயோ அவரிடம் நேர்மையாக இரு. கம்பெனி டிக்கெட் எடுத்தாலும் புள்ளி பறப்பவன் பெயரில்தான் ஏறும். அதை நீயே வைத்துக்கொள்ளலாமா, கம்பெனிப் பயணத்துக்கே திருப்ப வேண்டுமா என்று முதல் நாளே கேட்டுவிடு. பெரும்பாலான முதலாளிகள் வைத்துக்கொள் என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் வைத்துக்கொள்வதற்கும் கேட்டு வைத்துக்கொள்வதற்கும் நடுவில்தான் உன் பெயர் இருக்கிறது. உன் மைலுக்காக அவர் அதிக விலை கொடுக்கும் நிலையை ஒருநாளும் உண்டாக்காதே.

10. நேரத்தைத் தாராளமாக ஒதுக்கு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் நம் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது உனக்கு நினைவிருக்கும். மழைக்காலத்தில் வெளிநாட்டு விமானம் என்றால் முதல் நாளே கீழே இறங்கிச் சேலத்தில் தங்கு. விமானம் தவறினால் அட்டை கொஞ்சம் உதவும். கவுண்டரில் நிற்கும் பிள்ளையிடம் நீ பேசும் விதம் அதைவிட அதிகம் உதவும். கையில் என்ன நிற அட்டை இருந்தாலும் குரலை உயர்த்தாதே. அந்தப் பிள்ளையும் யாரோ ஒரு வீட்டிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு வந்ததுதான்.

11. சேர்ந்ததைப் பிறருக்குக் கொடு. என் அக்கா வாழ்நாள் முழுதும் இந்தத் தோட்டத்தை விட்டு நகராதவள். ஒருமுறை என் கணக்கில் இருந்த புள்ளியைக் கொண்டு அவளைக் காசிக்கு அனுப்பினேன். ஜன்னலோர இருக்கையில் கை கூப்பியபடியே உட்கார்ந்திருந்ததாக உடன் போனவர்கள் சொன்னார்கள். எத்தனை லவுஞ்சில் எத்தனை சாப்பாடு சாப்பிட்டேன் என்று எனக்கு நினைவில்லை, இது நினைவிருக்கிறது. அம்மாவுக்கோ, படிக்கப் போன தங்கைக்கோ, உன்னோடு உழைக்கும் மேஸ்திரிக்கோ டிக்கெட் எடுக்க உன் திட்டம் இடம் கொடுக்கிறதா, யார் யாரைச் சேர்க்கலாம் என்று சேரும் முன்பே படித்துப் பார். சில திட்டங்களில் குடும்பத்தார் புள்ளியை ஒன்றாகச் சேர்க்கவும் வழி உண்டு.

12. வருடம் ஒருமுறை, பறிப்பு முடிந்து கை சும்மா இருக்கும் பிப்ரவரியில், முதலில் எழுதிய தாளை எடுத்துப் பார். வழி மாறியிருந்தால் திட்டத்தையும் மாற்று. நீ எந்த நிறுவனத்துக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. இப்போதைக்கு உன் தாளில் நான் பார்த்த வரையில் ப்ளூசிப்பும் கிரிஸ்ஃப்ளையரும் போதும். இரண்டிலும் சேரக் கட்டணம் இல்லை. முதல் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே சேர்ந்துவிடு, கண்ணு.