போர்வை மண்ணின் கீழே கனி தேடுதல்

பூமியின் மேற்பரப்பில் தலைகாட்டும் கனிப்பொருளைக் கண்டறியக் கூரிய கண்ணும் ஒரு சுத்தியலும் போதும். நம் முன்னோர் தேடிக் கண்டவை பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவையே. கோலார் தங்கவயலில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கம்பெனியார் சுரங்கம் வெட்டத் தொடங்கியபோது, அவர்களுக்கு வழிகாட்டியவை பண்டை மக்கள் தோண்டிவிட்டுப் போன குழிகளாகும். அந்தப் பொன் விளையும் பாறைத்தொடர் தெற்கு நோக்கி நீண்டு சித்தூர் மாவட்டத்துக் குப்பம் பகுதியிலும் புகுகின்றது. அங்கே சிகர்குண்டா, பிசாநத்தம் ஆகிய இடங்களில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் பொன் எடுத்து வந்தது. 2001ஆம் ஆண்டில் கோலாரோடு அவ்வேலையும் நின்றது.

கண்ணுக்குத் தெரிந்தவை ஏறக்குறைய எடுக்கப்பட்டுவிட்டன. இனிக் கிடைக்க வேண்டியவை மண்ணுக்கும் மணலுக்கும் கீழே மறைந்து கிடப்பவை. இவற்றைத் தேடும் முறைகளைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம். ஏனெனில், தேடுவோருக்கு முதல் தடயம் பல சமயங்களில் உள்ளூராரிடமிருந்தே வந்திருக்கின்றது.

பாறையை மூடியிருக்கும் பொருளைப் போர்வை என்று குறிப்பிடுவோம். போர்வை இருவகைப்படும். அடியிலுள்ள பாறையே வெயிலாலும் மழையாலும் உளுத்து மண்ணாகி, இருந்த இடத்திலேயே தங்கியிருப்பது ஒன்று. ஆறும் ஓடையும் வேறிடத்திலிருந்து அடித்துக் கொணர்ந்து பரப்பியது மற்றொன்று. விஜயபுரம் வட்டாரத்தில் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். நகரி மலையின் உச்சியில் நிற்பது குவார்ட்ஸைட் என்னும் கடினமான மணற்பாறை; அதன் அடியில் இருப்பது கிரானைட் என்னும் கருங்கல். சமவெளியில் கிணறு வெட்டினால், மேலே செம்மண், அதன் கீழ்ச் சுக்கான், பின்னர் கையால் நொறுக்கத்தக்க உளுத்த கல், கடைசியில் உறுதியான பாறை என்ற வரிசையைச் சில இடங்களில் காணலாம். இது முதல்வகைப் போர்வை. ஓடைக்கரையில் வெட்டினாலோ உருண்ட கூழாங்கற்களும் மணலும் களிமண்ணும் மாறி மாறி வரும். இது இரண்டாம் வகை.

இந்த வேறுபாடு சிறியதன்று. முதல்வகை மண்ணை அள்ளி ரசாயனப் பரிசோதனை செய்தால், கீழேயுள்ள பாறையின் செம்போ ஈயமோ சிறிதளவாவது அதில் தென்படும். இரண்டாம் வகை மண் அந்நிய மண். அது தான் புறப்பட்ட மலையைப் பற்றிப் பேசுமேயன்றித் தான் படுத்திருக்கும் பாறையைப் பற்றிப் பேசாது. ஜியாலஜிகல் சர்வே என்னும் மத்திய நிலவியல் துறை ரசாயன வரைபடம் தயாரிக்கையில், பக்கத்திற்கு 2 கிலோமீட்டர் கொண்ட கட்டங்களாக நிலத்தைப் பிரித்து, பெரும்பாலும் ஓடைமண்ணைச் சேகரிக்கின்றது. மலைப்பாங்கான இடத்தில் இது சிறந்த முறை. வண்டல் படிந்த சமவெளியில் இதன் முடிவை அப்படியே ஏற்பது தவறாகும். அத்தகைய இடத்தில் “ஏதுமில்லை” என்று அறிக்கை எழுதினால், ஒரு நல்ல நிலப்பகுதி பல ஆண்டுகளுக்கு எவராலும் திரும்பிப் பார்க்கப்படாமற் போகக்கூடும். ஆகவே மண் மாதிரியின் பையில் இடத்தையும் ஆழத்தையும் குறிப்பதோடு, மண் எவ்வகைப் போர்வையைச் சேர்ந்தது என்பதையும் கட்டாயம் குறிக்க வேண்டும்.

உழவர் வெறுக்கும் சுக்கான் கல்லுக்கும் இங்கு ஓர் உபயோகம் உண்டு. நிலத்தடி நீர் மேலேறி ஆவியாகும்போது அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து படிந்து சுக்கான் ஆகின்றது. பொன் இருக்கும் இடமாயின், அந்நீரில் கரைந்துள்ள மிக நுண்ணிய பொன்னும் உடன் படிவதுண்டு. தென் ஆஸ்திரேலியாவில் சாலஞ்சர் என்னும் பொற்சுரங்கம் 1995இல் சுக்கானைப் பரிசோதித்தே கண்டறியப்பட்டது.

கறையான் புற்றும் அத்தகையதே. கறையான் ஈரம் தேடிக் கீழே சென்று, அங்குள்ள மண்ணைத் துகள் துகளாக மேலே கொணர்ந்து புற்றெழுப்புகின்றது. செலவில்லாமல் துளையிடும் வேலையாள் எனலாம். 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் புற்றையும் மரங்களையும் நீருக்கு அடையாளமாகக் கூறியிருக்கின்றார். திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்து நிலவியல் பேராசிரியர் ஈ. ஏ. வி. பிரசாத் அந்த அத்தியாயத்தை நிலவியல் நோக்கில் ஆராய்ந்து 1980இல் நூல் வெளியிட்டார். பழைய நூலில் உள்ளவை அனைத்தும் உண்மையென்று கொள்ள வேண்டியதில்லை. சோதித்துப் பார்க்கத்தக்க குறிப்புகள் அதில் உண்டு என்பதே பெறத்தக்கது.

போர்வை தடித்து நூறு, இருநூறு மீட்டர் ஆகிவிட்டால் ரசாயனத்தின் உதவி குறைந்துவிடும். அப்போது பௌதிக முறைகளை நாட வேண்டும். கனமான பாறை புவியீர்ப்பை இம்மியளவு மிகுதியாக்கும்; இரும்புச் சத்துள்ள பாறை காந்த ஊசியை அசைக்கும்; உலோகத் தாது மின்சாரத்தை எளிதிற் கடத்தும். ஆழ்துளைக் கிணற்றுக்கு இடம் பார்ப்போர் நிலத்தில் நான்கு கம்பிகளை ஊன்றி மின்தடை அளப்பதைப் பலரும் பார்த்திருப்பர், தத்துவம் ஒன்றே. காந்த அளவுகளை விமானத்திலிருந்தும் எடுக்கலாம். நம் நாட்டில் இதற்கான தேசியத் திட்டம் 2017இல் தொடங்கியது.

அளவு சுற்றுப்புறத்திலிருந்து மாறுபடும் இடத்தை ஆங்கிலத்தில் அனாமலி என்பர். இதனை “முரண்” என்று சிலர் தமிழாக்கியிருக்கின்றனர். “மாறுபாடு” என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. ஏனெனில் கருவி காட்டுவது ஒரு வேற்றுமையை மட்டுமே, தாதுவை அன்று. பென்சிற் கரியாகிய கிராபைட் கலந்த பாறையும் தாதுவைப் போலவே மின்சாரத்தைக் கடத்தும். அதனை நம்பித் துளையிட்டுப் பொருளை இழந்தோர் உலகெங்கும் உளர். இரண்டு வேறு முறைகள் ஒரே இடத்தைச் சுட்டினால் நம்பிக்கை வலுப்படும். தென் ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டாம் இவ்வாறு புவியீர்ப்பும் காந்தமும் ஒருங்கே மாறுபட்ட இடத்தில் கண்டறியப்பட்டது. அங்கே தாதுவின் மேல் 300 மீட்டருக்கு மேற்பட்ட வெறும் படிவுப்பாறை இருந்தது. 1975இல் இட்ட முதல் துளையில் சுமாரான செம்பே கிடைத்தது. வளமான தாதுவைக் காட்டியது மறு ஆண்டில் இட்ட பத்தாவது துளை.

திருமலை செல்லும் மலைப்பாதையில் கிரானைட்டின் மேல் குவார்ட்ஸைட் படிந்துள்ள எல்லைக்கோடு வெட்டுமுகத்தில் தெளிவாகத் தெரிகின்றது. இரண்டிற்கும் இடையே சுமார் 80 கோடி ஆண்டு இடைவெளி உண்டெனக் கணக்கிடுவர். யாத்திரிகர் கவனியாமற் செல்லும் அக்கோட்டை மாணவருக்குக் காட்டுதல் வேண்டும். இதே கடப்பைப் படுகையின் வடகோடியில், தெலங்கானாவின் லம்பாபூர் அருகே, இத்தகைய எல்லைக்கோட்டை ஒட்டி யுரேனியம் கிடைத்துள்ளது. கானடாவில் சிகார் லேக் என்னுமிடத்தில், 400 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், மணற்பாறையின் அடியில் இதே நிலையில் மிகவும் வளமான யுரேனியத் தாது 1981இல் அகப்பட்டது. இதனால் திருமலையின் கீழும் யுரேனியம் உண்டென்று முடிவு கட்டலாகாது. எங்கே தேடுவது என்பதற்கு எல்லைக்கோடு ஒரு குறி, அவ்வளவே.

உள்ளூர்த் தடயத்திற்கு நெய்வேலி சிறந்த சான்று. 1930களில் அங்கே ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரிய துகள்கள் வெளிவந்தன. மேற்பரப்பில் வெறும் செம்மண்ணும் மணற்பாறையுமே காணப்பட்ட இடம் அது. அத்துகள்களை அவர் அலட்சியம் செய்யாமல் அதிகாரிகளின் கவனத்திற்குக் கொணர்ந்தார். 1940களில் துறையினர் முறையாகத் துளையிட்டு ஆராய, பழுப்பு நிலக்கரியின் பரப்பு தெரியவந்தது. 1956இல் நிறுவனம் அமைந்தது. 1961இல் நிலக்கரி வெளிப்பட்டது.

இன்று நம் கிராமங்களில் நூற்றுக்கணக்கான அடி ஆழத்திற்குக் கிணறுகள் துளையிடப்படுகின்றன. வெளிவரும் கல்தூள் வரப்போரம் கொட்டப்பட்டு முதல் மழையில் கரைந்துபோகின்றது. துளையிடும் நாளில் ஆசிரியர் ஒருவர் உடனிருந்து, பத்தடிக்கு ஒரு பிடி வீதம் எடுத்து, கழுவி உலர்த்தி, ஆழம் எழுதிய காகிதப் பொட்டலத்தில் வைத்தால், அப்பள்ளிக்கு ஒரு நிலவியல் பொருட்காட்சி கிடைத்துவிடும். தூளின் நிறம் மாறும் ஆழம், காந்தத்தில் ஒட்டும் துகளின் அளவு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் நுரைக்கின்றதா என்பது, இம்மூன்றையும் நோட்டில் பதிவு செய்தல் வேண்டும். பித்தளை போல் மின்னும் துகள் காணப்பட்டால் பொன்னென்று பரபரப்படைய வேண்டா; அது பெரும்பாலும் கந்தகமும் இரும்பும் சேர்ந்த பைரைட்டாகவே இருக்கும். எனினும் அதனைத் தனிப் பொட்டலமாகக் கட்டி, கிணற்றின் சர்வே எண்ணையும் ஆழத்தையும் எழுதி, துறை அலுவலகத்திற்கு அனுப்பிவைப்பது முறை.