கையெழுத்தும் மிதிவண்டியும்

படிக்க வேண்டிய வயதில் பள்ளி வாயிலை மிதிக்க முடியாமற்போனவர்களுக்கு ஊர்த் திண்ணையும் கோயில் மண்டபமும் பள்ளியாக மாறிய காலம் ஒன்று தமிழகத்தில் இருந்தது. ஊதியம் எதுவுமின்றி ஊர் இளைஞர்களே அங்கு ஆசிரியர் ஆயினர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தின் வழியாக அந்தக் காலத்தை இப்பாடம் காட்டுகிறது.

பத்திரம் ஒன்றின் கீழே மை தோய்ந்த கட்டைவிரலைப் பதித்தால் சட்டம் அதனை ஏற்றுக்கொள்ளும். ஆனால், அந்த ரேகைக்கு மேலே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பதித்தவர் அறியமாட்டார். வட்டி எவ்வளவு, எல்லை எது, வாங்கிய தொகை நூறா ஆயிரமா என்பவற்றையெல்லாம் எதிரே இருப்பவரின் சொல்லை நம்பியே அவர் ஏற்கவேண்டும். 1991ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் 52.21 விழுக்காட்டினர். பெண்களுள் அவ்வாறு தெரிந்தவர்கள் 39.29 விழுக்காட்டினர் மட்டுமே. நாடு விடுதலை பெற்று நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆன பின்பும் பத்துப் பெண்களில் ஆறு பேர் பேருந்தின் பெயர்ப்பலகையைப் பிறரிடம் கேட்டே ஏறினர்.

முதியோர் கல்வி அதற்கு முன்பும் நடந்ததுண்டு. சிறு மதிப்பூதியத்திற்கு ஒருவரை அமர்த்தி, ஓர் அறையில் விளக்கேற்றி வைத்து, வருபவர் வரட்டும் என்று காத்திருக்கும் முறை அது. சில வாரங்களில் விளக்கு மட்டும் எரியும். 1988ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய எழுத்தறிவு இயக்கம் வேறொரு வழியைத் தேடியது. அவ்வழியைக் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் காட்டியது. அங்கு மாவட்ட நிருவாகமும் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்னும் மக்கள் அறிவியல் அமைப்பும் கைகோத்தன. ஊதியம் பெறாத தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் வீடு வீடாகச் சென்றனர். 1990 பிப்ரவரி 4ஆம் நாள் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கேரள மாநிலம் முழுமைக்கும் அவ்வறிவிப்பைக் கோழிக்கோட்டில் வெளியிட்டவர் அமைச்சரோ ஆளுநரோ அல்லர். முதுமையில் எழுத்தறிந்த சேலக்கோடன் ஆயிஷா என்னும் பெண்மணியே அதனை வெளியிட்டார்.

அந்த அலை தமிழகத்திற்கு வந்தபோது 'அறிவொளி' என்னும் பெயரைப் பெற்றது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் இதில் பங்கேற்றனர். மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமை ஏற்றார். புதுக்கோட்டையில் அப்பொறுப்பை வகித்தவர் ஷீலா ராணி சுங்கத். மழையை நம்பிய புஞ்சை நிலமும் கல் குவாரிகளும் நிறைந்த மாவட்டம் அது. முத்துலட்சுமி ரெட்டி பிறந்த மண் அது என்றாலும், குவாரியில் சல்லி உடைத்த பெண்களுக்குக் கல்வி எட்டாத தொலைவிலேயே இருந்தது.

இயக்கம் வகுப்பறையிலிருந்து தொடங்கவில்லை. முதலில் கலைக்குழுக்கள் ஊருக்குள் வந்தன. அந்தி மயங்கும் நேரத்தில் பறையொலி கேட்டு மக்கள் கூடினர். எழுதத் தெரியாததால் ஒருவர் இழந்ததை நாடகமாகக் கண்டவர்கள் தம் வீட்டுக் கதையை அதில் அடையாளம் கண்டனர். அதன்பின் கணக்கெடுப்பு நடந்தது. 15 முதல் 35 வயது வரையிலானோரே தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் இலக்கு. எனினும், திண்ணையில் வகுப்பு நடக்கும்போது அறுபது வயதுப் பாட்டியை எழுந்துபோகச் சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை.

தொண்டர்களுள் பலர் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்துவிட்டு வீட்டிலிருந்த இளம்பெண்கள். ஒரு தொண்டருக்கு ஏறத்தாழப் பத்துப் பேர் என்பது ஏற்பாடு. கற்பவர்கள் எல்லாரும் உறவினராகவோ தெருக்காரராகவோ இருந்ததால் 'அப்பத்தா, சிலேட்டை எடுங்க', 'அத்தை, இன்னொரு தடவை எழுதுங்க' என்றே பாடம் நடந்தது. இம்முறையில் நன்மையும் உண்டு, இடரும் உண்டு. உறவு என்பதால் கூச்சம் குறைந்தது. அதே உறவின் பகையும் சாதி வேற்றுமையும் யார் வீட்டுத் திண்ணையில் யார் அமர்வது என்னும் கேள்வியை எழுப்பின. எல்லாரையும் ஒரே இடத்தில் அமரச்செய்யும் முயற்சி சில இடங்களில் அகரத்தைக் கற்பிப்பதைவிடக் கடினமாக இருந்தது.

ஏறத்தாழ இருநூறு மணி நேரத்தில் மூன்று பாடநூல்களை முடிக்கவேண்டும் என்பது திட்டம். நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள். நடவும் அறுப்பும் திருவிழாவும் துக்கமும் இடையில் வரும். பகலெல்லாம் சம்மட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல்களுக்குப் பலப்பம் நழுவியது. அழுத்தி எழுதியதில் முனை முறிந்தது. நாற்பதைக் கடந்தவர்களுக்கு வெள்ளெழுத்து. எழுத்து தெரியவில்லை என்பதைத் தமக்குப் படிப்பு வராது என்று அவர்களே தவறாக எண்ணிக்கொண்டு வகுப்பிலிருந்து நின்றதும் உண்டு. மூக்குக்கண்ணாடி ஒன்று செய்யக்கூடிய வேலையைத் தொண்டரின் பொறுமையால் செய்ய இயலாது.

கற்பிக்கும் முறையிலும் மாற்றம் தேவைப்பட்டது. தமிழின் எழுத்துகள் 247. குழந்தைக்குச் செய்வதுபோல அ, ஆ என வரிசையாகத் தொடங்கினால், வாழ்வில் பயன்படும் ஒரு சொல்லைப் படிப்பதற்குள் பெரியவர் களைத்துவிடுவார். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரே 1963ஆம் ஆண்டு அங்கிகோஸ் என்னும் ஊரில் முந்நூறு பேருக்கு எழுத்தறிவித்தபோது, அவர்கள் நாளும் புழங்கிய சொற்களிலிருந்தே தொடங்கினார். சொல்லைப் பேசுவோம், அச்சொல் நம் வாழ்வில் என்ன செய்கிறது என்று விவாதிப்போம், பின்னர் அதனை எழுத்தாகப் பிரிப்போம் என்பது அவர் முறை. அறிவொளி வகுப்புகளிலும் இவ்வழி பின்பற்றப்பட்டது. 'பட்டா' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். மூன்றே எழுத்துகள். வளைவுகள் இல்லாமல் நேர்கோடுகளால் ஆன ப, ட என்னும் வடிவங்கள் புதிய கைக்கு எளியவை. ஒற்றும் நெடிலும் அதிலேயே அறிமுகமாகிவிடும். எல்லாவற்றிற்கும் மேலாக, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்னும் பேச்சு அங்கே தானாக எழும்.

தமிழுக்கே உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. 'எழுதிருக்காங்க' என்று பேசுபவர் புத்தகத்தில் 'எழுதியிருக்கிறார்கள்' என்று படிக்கவேண்டும். எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தவர், தாம் படித்தது தாம் பேசும் சொல்தான் என்பதை உணராமல் விழிப்பதைத் தொண்டர்கள் கண்டனர். பேச்சுமொழியிலேயே பாடம் எழுதிவிடலாமே என்று தோன்றும். ஆனால் மனுவும் செய்தித்தாளும் எழுத்துமொழியில்தான் உள்ளன. கற்பவர்களிலும் பலர் 'நல்ல தமிழை'க் கற்கவே விரும்பினர். அரைகுறையாகக் கற்பித்து அனுப்புகிறார்களோ என்னும் ஐயம் அவர்களுக்கு இருந்திருந்தால் அது நியாயமானதே.

புதுக்கோட்டையின் தனிச்சிறப்பு மிதிவண்டி. தொலைவிலுள்ள ஊர்களின் வகுப்புகளைப் பார்வையிடச் சென்ற பெண் பொறுப்பாளர்களுக்குப் பேருந்தை நம்பி இயங்க முடியவில்லை. எனவே, மிதிவண்டி ஓட்டக் கற்பதும் எழுத்தறிவின் ஒரு பகுதி ஆக்கப்பட்டது. பெண்கள் மிதிவண்டி வாங்கக் கடன் வழங்குமாறு வங்கிகளை ஆட்சியர் வலியுறுத்தினார். தெருவில் கேலிப்பேச்சு எழுந்தது. அதற்கு அறிவொளிப் பாடல்கள் விடையளித்தன. 1992ஆம் ஆண்டு உலக மகளிர் நாளில் ஆயிரத்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டிகளில் அணிவகுத்தனர். பெண்களுக்கான வண்டிகள் போதாமற்போகவே ஆண்கள் ஓட்டும் வண்டிகளையே பலர் ஓட்டினர். நடுவிலுள்ள கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. இதழாளர் பி. சாய்நாத் இதனை நேரில் கண்டு எழுதியதால் இச்செய்தி நாடறிந்தது. தண்ணீர்க் குடமும் சந்தைக்குரிய காய்கறியும் மிதிவண்டியில் ஏறின. அண்ணனையோ கணவனையோ எதிர்பார்த்து நின்ற நேரம் மிச்சமானது.

அதே காலத்தில் கல் குவாரிகள் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. எத்தனை சுமை கல் ஏற்றப்பட்டது, விலை என்ன என்று எழுதிவைக்கும் தேவை வந்தபோது கணக்குப் பாடத்திற்குப் பொருள் கிடைத்தது.

ஆனால், இயக்கத்தின் வேகம் தணிந்தபின் கற்றதை மறந்தவர்களும் இருந்தனர். படிக்க ஏதுமில்லாத ஊரில் எழுத்து கைவிட்டுப் போய்விடும். இதனை உணர்ந்தே எளிய சொற்களில் சிறுநூல்கள் அச்சிடப்பட்டன. திருநெல்வேலி மாவட்ட அறிவொளியில் பணியாற்றிய எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் தம் அனுபவங்களை 'இருளும் ஒளியும்' என்னும் நூலில் பதிவுசெய்துள்ளார். அறிவொளி கண்ட வெற்றியை மட்டும் பேசி, இந்த மறதியைப் பேசாமல் விடுவது அத்தொண்டர்களின் உழைப்பை மதிப்பதாகாது.

எழுதக் கற்ற தாயின் வீட்டில் நிகழ்ந்த மாற்றம் எந்த அறிக்கையிலும் முழுமையாக இடம்பெறுவதில்லை. மாலையில் ஒரே விளக்கின் கீழ்ப் பிள்ளையின் பாடநூலும் தாயின் சிலேட்டும் விரிந்தன. தாய்க்குத் தடுக்கிய எழுத்தைப் பிள்ளை திருத்தியது. பிள்ளை இன்று பள்ளியில் என்ன எழுதியது என்று கேட்கும் துணிவு தாய்க்கு வந்தது.

பதினைந்து வயதைக் கடந்த எழுத்தறியாதோருக்காகப் 'புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்' 2022ஆம் ஆண்டு முதல் நடைபெறுகிறது. இதுவும் தன்னார்வலர்களை நம்பியதே. இப்போது கற்க வருவோரின் கையில் பலப்பத்தோடு கைப்பேசியும் இருக்கிறது. வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைக் காட்டி, 'இதுல என்னம்மா போட்டிருக்கு?' என்பதே அவர்கள் தன்னார்வலரிடம் முதலில் கேட்பதாக இருக்கக்கூடும். பாடம் அங்கிருந்தே தொடங்கலாம்.